அக்கா குரலை நான் அளந்து வெட்டின வியாழக்கிழமை

என் கடை மேஜை டிராயர்ல ஒரு நோட்டு இருக்கு. நூத்தி அறுபது பக்கம், கோடு போட்டது, பின் அட்டையில வாய்ப்பாடு. உள்ள அக்கா கையெழுத்துல, நீல மையில, ஒண்ணுல இருந்து இருநூத்திப் பதினாலு வரைக்கும் நம்பர் போட்டு வரி வரியா எழுதியிருக்கு. 'சாப்பிட்டியாம்மா.' 'மாத்திரை போட்டியாம்மா.' 'இங்க நல்ல மழை, அங்க எப்படி?' 'அவன் கெடக்கறான் விடு.' ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல சிவப்பு மையில ஒரு டிக், இல்ல அரை டிக், இல்ல பெருக்கல் குறி. தெரியாதவங்க பாத்தா ஏதோ டீச்சர் திருத்தின பரீட்சைப் பேப்பர்னு நினைப்பாங்க. ஒரு வகையில பரீட்சைதான். எழுதினது அக்கா, ஃபெயிலானது நான்.

அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவ. எங்க ஊரு கௌதள்ளியில இருந்து கல்யாணம் ஆகி மைசூருக்கு முதல்ல வந்தது அவதான். அவளைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வந்தவன் நான். மாமா கட்டட மேஸ்திரி. காலையில கரணையோட போனா பொழுது சாயத்தான் வருவார், வந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். பிள்ளைங்க இல்ல. அதனால அந்த வீட்டுல பேச வேண்டிய மொத்தப் பேச்சையும் அக்கா ஒருத்தியே பேசினா. கார்மென்ட் ஃபேக்டரியில லைன் சூப்பர்வைசர். அறுபது தையல் மெஷின் ஒண்ணா ஓடுற சத்தத்துக்கு மேல அவ 'பேக, பேக'ன்னு, அதாவது சீக்கிரம் சீக்கிரம்னு, கன்னடத்துல ஒரு சத்தம் குடுத்தா கடைசி மெஷின்ல இருக்கிற பொண்ணுக்குக் கேக்கும். மண்டி மொஹல்லாவுல அவ வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா, ரெண்டு தெரு தள்ளி என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில நான் எழுந்து நின்னுருவேன். போன் எல்லாம் அப்புறம் வந்த சங்கதி.

என் கடையைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், அப்பத்தான் என் யோக்கியதை புரியும். பத்துக்குப் பன்னெண்டு அடி. சுவர்ல நானே கன்னடத்துலயும் தமிழ்லயும் எழுதி ஒட்டின அட்டை ஒண்ணு: 'பேக்கப் எடுத்தாச்சா?' யார் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தாலும் முதல்ல அந்த அட்டையைக் காட்டுவேன். இல்லைன்னு தலையாட்டினா, ஒரு காப்பி எடுத்து வெக்கறதோட அருமையைப் பத்தி ஒரு பிரசங்கம் வெப்பேன். கேட்டுட்டு வெளிய போறவங்க முகத்துல பாவம் செஞ்சவங்க களை தெரியும். எனக்குள்ள இன்னொரு வியாதியும் உண்டு. யார் என்ன கேட்டாலும் 'ஆய்த்து சார்'னு சொல்லிடுவேன். ஆய்த்துன்னா கன்னடத்துல சரி, ஆச்சு, முடிஞ்சுது, மூணுக்கும் அதே சொல்லுதான். சாயங்காலத்துக்குள்ள ஆகுமான்னு கேட்டா ஆய்த்து. இந்த உடைஞ்ச ஸ்க்ரீன் ஒட்டுமான்னு கேட்டாலும் ஆய்த்து. என் பொண்டாட்டி சொல்லுவா, உன்னைப் பெத்த உடனே நர்ஸ் முதுகுல தட்டினதும் நீ அழுதிருக்கமாட்டே, ஆய்த்து மேடம்னுதான் சொல்லியிருப்பேன்னு.

அக்காவுக்கு வெத்தலை பாக்கோட புகையிலையும் உண்டு. மெஷின் தூசியில தொண்டை வறண்டு போகுதுன்னு ஆரம்பிச்சது. குரல் கரகரன்னு ஆனப்ப சளின்னு நினைச்சோம். சளி நாலு மாசம் இருக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப குரல்வளையையே எடுக்கணுங்கற நிலைமை. ஆபரேஷனுக்கு இன்னும் பதினெட்டு நாள்னு தேதி குடுத்தாங்க. ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து அவ முதல்ல கேட்டது, "அம்மாகிட்ட எப்படிடா பேசுவேன்?"

அதுதான் விஷயம். எங்கம்மா கௌதள்ளியில தம்பி வீட்டுல இருக்காங்க. சக்கரை வியாதியில ரெண்டு கண்ணும் போயிருச்சு. எழுதிக் காட்ட முடியாது, சைகை காட்ட முடியாது, வீடியோ காலெல்லாம் அவங்களுக்கு இருட்டுதான். அக்காங்கறது அம்மாவுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, ஃபேக்டரி சாப்பாட்டு நேரத்துல, அந்தச் சத்தம் வரணும். வந்தாத்தான் அம்மா தட்டுல கை வெப்பாங்க. இவ்வளவு வருஷமா அப்படித்தான். 'தொண்டையில புண்ணு, சின்ன ஆபரேஷன்'னு மட்டும் அம்மாகிட்ட சொல்லணும், மீதியை மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா.

ஐடியா என்னோடது. இப்ப நினைச்சாலும் நல்ல ஐடியாதான். அந்த ஒண்ணையாவது என்கிட்ட இருந்து பிடுங்கிக்காதீங்க. குரல் போறதுக்குள்ள பேச வேண்டியதை எல்லாம் பேசிப் பதிவு பண்ணி வெச்சுக்குவோம், அப்புறம் வேணுங்கறதைத் தட்டினா போதும்னு சொன்னேன். அக்கா என் தலையில ஒரு தட்டு தட்டினா. "உனக்கு மூளை இருக்குன்னு அம்மா சொல்லுவா, நான்தான் நம்பல"ன்னா. அன்னைக்குச் சாயங்காலமே நோட்டு வாங்கிட்டா.

முதல் நாள் அவளுக்கு வெக்கம். போனை மூஞ்சிக்கு முன்னாடி பிடிச்சா என்ன பேசறதுன்னு தெரியாம என்னைத் திட்ட ஆரம்பிச்சா. அதையும் நம்பர் போட்டுப் பதிவு பண்ணினோம். ஒண்ணு, 'டேய் சோம்பேறி, எந்திரி.' ரெண்டு, 'பேக பேக.' மூணு, சும்மா முடிச்சுப் பாக்கறதுக்காக, 'சரிம்மா, வெச்சிடறேன், அப்புறம் பேசறேன்.' நாலு, 'உன்னை நம்பி ஒரு வேலையைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.' இதைச் சொல்லிட்டு அவளே சிரிச்சா, அந்தச் சிரிப்பும் நாலாம் நம்பர்ல இருக்கு. அடுத்த நாள்ல இருந்து வெக்கம் போயிருச்சு. அம்மா என்னென்ன கேப்பாங்கன்னு யோசிச்சு, ராத்திரி சமையல் முடிச்சு எழுதி வெப்பா, பகல்ல நான் போய்ப் பதிவு பண்ணுவேன். சாப்பிட்டியாங்கறதையே ஆறு விதமா சொன்னா. கோவமா ஒண்ணு, கொஞ்சி ஒண்ணு, அவசரமா ஒண்ணு. ம்ம் கொட்டறது மட்டும் ஒன்பது. தெருவுல சத்தம் வரும், ஜன்னலைச் சாத்துவோம், அப்படியும் பழைய பேப்பர்காரன் 'ஹளே பேப்பர்'னு கத்திக்கிட்டே போவான். "திரும்பச் சொல்லுக்கா"ன்னா, "போடா, தொண்டை வலிக்குது, அவனும் இருந்துட்டுப் போகட்டும்"னுடுவா. இருநூத்தி நாப்பது வரைக்கும் நம்பர் போட்டு வெச்சிருந்தா. இருநூத்திப் பதினாலோட குரல் நின்னுபோச்சு. அதுக்கு மேல வந்தது வெறும் காத்து.

ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, அக்கா தினமும் பன்னெண்டே முக்காலுக்கு என் கடைக்கு வந்துருவா. கழுத்துல மூச்சு விடறதுக்கு வெச்ச ஓட்டைக்கு மேல ஒரு பருத்தித் துணி, ஃபேக்டரிப் பொண்ணுங்க பூப்போட்டுத் தைச்சுக் குடுத்தது. லேப்டாப்பைத் திறந்து வெச்சு, போனை ஸ்பீக்கர்ல போட்டு, அம்மா பேசப் பேச நம்பரைத் தட்டுவா. நோட்டைப் பாக்கறதை ஒரே வாரத்துல விட்டுட்டா. எல்லா நம்பரும் விரல்ல இருந்துச்சு. சில நாள் தப்பும் வரும். தம்பி வீட்டு எருமை செத்துப்போச்சுன்னு அம்மா சொன்னப்ப அவசரத்துல, 'நல்லதுதான், விடு, சந்தோஷமா இரு'ன்னு தட்டிட்டா. அந்தப் பக்கம் அம்மா மூக்கைச் சிந்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "நீ சொன்னாச் சரிதான் சாமி, அதுவும் ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு"ன்னாங்க. அக்கா சத்தமே இல்லாம, தோள் மட்டும் குலுங்கச் சிரிச்சா. நான் வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினேன். அந்த ரெண்டு மாசம் நாங்க மூணு பேரும் நல்லாத்தான் இருந்தோம்.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, அம்மா லிஸ்ட்டுல இல்லாததைக் கேக்க ஆரம்பிச்சாங்க. நஞ்சன்கூடு தேருக்குப் போனியா, யார் யார் வந்திருந்தாங்க, என்ன கலர் சேலை கட்டினே. அக்கா ஒன்பது 'ம்ம்'மையும் மாத்தி மாத்திப் போட்டுச் சமாளிப்பா. போனை வெச்சதுக்கப்புறம் மேஜையில தலையைச் சாய்ச்சுக்குவா. அப்பத்தான் ஒரு சப்ளையர் சொன்னான், பதிவு பண்ணின குரலைக் குடுத்தா அதே குரல்ல புது வார்த்தை பேசற சாஃப்ட்வேர் வந்திருக்கு சார்னு. ஆனா அது அக்கா லேப்டாப்புல நான் போட்டிருந்த லினக்ஸ்ல ஓடாது. வேற சிஸ்டம் வேணும், அதுக்கு டிஸ்க்குல இடம் வேணும். அக்கா ஒரு துண்டுச் சீட்டுல எழுதினா: 'முடியுமா?' நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு உக்காந்தேன். நான் செஞ்ச தப்பு என்னன்னு கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் சொல்லிடலாம். டிஸ்க்குங்கறது ஒரு மனை. பார்ட்டிஷன்ங்கறது அதைச் சுத்தி இருக்கிற காம்பவுண்டு சுவர். ஃபைல் சிஸ்டம்ங்கறது உள்ள இருக்கிற வீடு, எந்த ரூம்ல எந்தச் சாமான் இருக்குங்கற லிஸ்ட்டும் அதுக்குள்ளயே இருக்கும். பின்னாடி கொஞ்சம் இடம் வேணும்னா, முதல்ல பின் ரூம் சாமானை முன்னாடி நகர்த்தி வீட்டைச் சின்னதாக்கணும். அப்புறம்தான் சுவரை உள்ள தள்ளணும். இதை நான் நூறு தடவையாவது செஞ்சிருப்பேன். அன்னைக்கு, கவுன்டர்ல ஒருத்தர் பிரின்டரை வெச்சுக்கிட்டு 'சார், பேக மாடி கொடி'ன்னு, சீக்கிரம் பண்ணிக் குடுங்கன்னு நின்னுக்கிட்டிருக்க, 'ஆய்த்து சார்'னு சொல்லிக்கிட்டே சுவரை முதல்ல தள்ளிட்டேன். வீட்டுக்கு நடுவுல சுவர் போட்டாச்சு. பின் ரூமெல்லாம் சுவருக்கு வெளிய. அதோட விட்டேனா? வெளிய விழுந்த இடம் காலியா கெடக்குதுன்னு நினைச்சு அதுல புது சிஸ்டத்தையும் ஏத்தினேன். அளவெல்லாம் ரொம்பக் கச்சிதமா எடுத்தேன். அளந்து வெட்டினேன்.

மறுபடி ஸ்டார்ட் பண்ணினா பழைய சிஸ்டம் திறக்கல. டிஸ்க்கைச் சரிபாக்கற புரோகிராமை ஓட விட்டேன். அது ஒரு கேள்வி கேட்டுச்சு. வீட்டு லிஸ்ட்டுல இத்தனை பெருசுன்னு எழுதியிருக்கு, ஆனா மனை இவ்வளவுதான் இருக்கு, ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்பு. நிறுத்திக்கட்டுமா? இதான் கேள்வி. இவ்வளவு மரியாதையா எந்த மனுஷனும் என்கிட்ட கேட்டதில்ல. ஊர்ல எல்லாருக்கும் எல்லாத்துக்கும் ஆய்த்து சொல்ற நான், அந்த ஒரே இடத்துல, வாழ்க்கையில முதல் தடவையா, வேண்டாம்னு சொன்னேன். நிறுத்தாதே, மேல போன்னேன். அதுக்கப்புறம் அது வரிசையாக் கேட்டுச்சு. இந்தச் சாமான் இருக்கிற ரூமே இல்லையே, லிஸ்ட்டுல இருந்து அடிச்சிடட்டுமா? அடி. இதையும்? அடி. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றதுக்குப் பொறுமை இல்லாம, எதைக் கேட்டாலும் ஆமான்னு எடுத்துக்கோன்னு ஒரே தட்டுல சொல்லிட்டேன். கடைசியில வீட்டையும் மிரட்டி, நீ சின்ன வீடுதான்னு ஒத்துக்க வெச்சேன்.

பன்னெண்டரைக்கு லேப்டாப் திறந்துச்சு. ஃபோல்டரைப் பாத்தேன். இருநூத்திப் பதினாலு ஃபைல் பேரும் வரிசையா இருந்துச்சு. சைஸும் பழைய சைஸேதான். நாலாம் நம்பரை மட்டும் தட்டிப் பாத்தேன். 'உன்னை நம்பி ஒரு வேலையைக் குடுத்தேன் பாரு'ன்னு அக்கா சிரிச்சா. நானும் கூடச் சிரிச்சேன். பிரின்டர்காரருக்கு ஒரு டீ சொன்னேன். அக்கா வந்தப்ப கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஒரு மணிக்கு அம்மா போன். "சாமி, அக்காகிட்டக் குடு"ன்னாங்க. அக்கா ஏழைத் தட்டினா. ஏழு, 'எப்படிம்மா இருக்கே?' ஸ்க்ரீன்ல கோடு நகர்ந்துச்சு, செகண்டு ஓடுச்சு, சத்தம் வரல. வால்யூமைக் கூட்டினா. மறுபடி ஏழு. ஒண்ணுமில்ல. எட்டு. பன்னெண்டு. ஒன்பது 'ம்ம்'மையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு தட்டினா. சிலது திறக்கவே மாட்டேன்னுச்சு. மத்ததெல்லாம் ஓடுச்சு, ஒழுங்கா ஓடி ஒழுங்கா முடிஞ்சுது, உள்ள பேச்சு மட்டும் இல்ல. அம்மா அந்தப் பக்கம், "கேக்குதா கண்ணு? ஏன் பேசமாட்டேங்கறே? கோவமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. "சிக்னல் இல்லம்மா"ன்னு நான் கத்தினேன். "உன்ற சத்தம் கேக்குதேடா"ன்னாங்க. அக்கா விரல் அப்பவும் நிக்கல. முப்பது, நாப்பது, நூத்திப் பத்துன்னு மேல போய், திரும்பிக் கீழ வந்து, மூணைத் தட்டினா. வந்துருச்சு. கணீர்னு வந்துச்சு. "சரிம்மா, வெச்சிடறேன், அப்புறம் பேசறேன்."

"இப்பத்தானே எடுத்தே"ன்னாங்க அம்மா.

போன் வெச்சதும் அக்கா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினா. நான் அரை மணி நேரம் வாய் ஓயாம விளக்கம் சொன்னேன், சுவரு, வீடு, லிஸ்ட்டுன்னு. அவ லேப்டாப்பை இழுத்து நாலாம் நம்பரைத் தட்டினா. 'உன்னை நம்பி ஒரு வேலையைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.' அப்புறம் அந்தச் சிரிப்பு. பதிவுல இருந்தவ சிரிச்சா. எதிர்ல உக்காந்திருந்தவ சிரிக்கல.

காப்பி இல்லையான்னு நீங்க கேப்பீங்க. என் பிரசங்கத்தைக் கேட்ட அத்தனை கஸ்டமரும் சேர்ந்து கேக்கற மாதிரி கேளுங்க. பதிவு பண்ணின மெமரி கார்டு, பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஒருத்தர் கல்யாண வீடியோ எடுக்கக் கார்டு கேட்டப்ப, அழிச்சுட்டு நானே எடுத்துக் குடுத்தது. லேப்டாப்புலதான் பத்திரமா இருக்கேன்னு. தலைக்கு மேல அந்த அட்டை அப்பவும் தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

எது போச்சு, எது இருக்குங்கறதை மெஷின்கிட்ட கேட்டுப் புண்ணியமில்ல. அதைப் பொறுத்தவரைக்கும் வீடு சுத்தம், எந்தக் குறையும் இல்ல. பேரு இருக்கு, சைஸ் இருக்கு. குரல் இருக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல. காதால கேட்டாத்தான் உண்டு. அதனால அடுத்த நாள்ல இருந்து மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரத்துல அக்கா நோட்டும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கிட்டு வந்து உக்காருவா. நான் ஒவ்வொரு நம்பரா ஓட விடுவேன். அவ நோட்டுல அந்த வரிமேல விரல் வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக் கேப்பா. முழுசா வந்தா டிக். பாதியில அறுந்தா அரை டிக். ஒண்ணும் வரலைன்னா அது ஓடி முடியற வரைக்கும் காத்திருந்துட்டு, ஒருவேளை கடைசியில வரும்னு, அப்புறம்தான் பெருக்கல். பாதியில நிறுத்த என்னை விடல. அவ உதடு அசையும். சத்தம் வராத வரியை அவளே உள்ளுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுத்தான் அடிப்பா. இப்படி நாலு நாள். தன்னோட குரலைத் தானே எண்ணிக் கழிக்கிற ஒருத்திக்குப் பக்கத்துல, எதுவும் செய்ய முடியாம, மௌஸைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ அழுதிருந்தா நான் கொஞ்சம் தப்பிச்சிருப்பேன்.

என் கெட்ட நேரம், முதல் நாள் விளையாட்டாப் பதிவு பண்ணினது டிஸ்க்குல முன்பக்கம் போய் உக்காந்திருக்கு. அப்புறம் யோசிச்சு யோசிச்சு அம்மாவுக்காகப் பேசினது எல்லாம் பின்பக்கம். மொத்தம் பதினேழு டிக். அதுல பதிமூணு என்னைத் திட்டறது. ரெண்டு ஃபேக்டரிப் பொண்ணுங்களை விரட்டறது. ஒண்ணு, பால்காரன்கிட்ட கன்னடத்துல தண்ணிப் பாலுன்னு சண்டை. அம்மாவுக்குன்னு முழுசா மிஞ்சினது மூணாம் நம்பர் ஒண்ணுதான். நாலாவது நாள் கணக்கை முடிச்சுட்டு அக்கா துண்டுச் சீட்டுல எழுதினா: 'திட்டு மட்டும் மிச்சம். நீ குடுத்து வெச்சவன்.'

அப்புறம் நான் விடாம முயற்சி பண்ணினேன். இதைப் பெருமையாச் சொல்லல. வீடு எரிஞ்சதுக்கப்புறம் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடறவன் பெருமையா சொல்லுவான்? மிஞ்சின பதினேழு துண்டை வெச்சுப் புது வார்த்தை பேச வெக்க முடியாதுன்னு அந்த சப்ளையர் கையை விரிச்சுட்டான். பெங்களூர்ல இருந்த தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டேன். அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்த முதல் கேள்விக்கு ஆமாம், நிறுத்துன்னு சொல்லிட்டுச் சுவரைப் பழைய இடத்துக்கே தள்ளி வெச்சிருந்தீங்கன்னா முக்கால்வாசி கிடைச்சிருக்கும் சார்னார். புது சிஸ்டம் உக்காந்தது வெட்டின இடத்துல ஒரு மூலையிலதானாம். சாமானெல்லாம் வெளிய மண்ணுல அப்படியே கெடந்திருக்கு. எது எங்கன்னு சொல்ற லிஸ்ட்டைத்தான் நான் ஆமா ஆமான்னு அடிக்க விட்டேன். மண்ணைச் சலிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் உண்டு, அதையும் ஒரு வாரம் ஓட விட்டேன். பேர் இல்லாத சத்தத் துண்டு பதினொண்ணு கிடைச்சுது. ஒரு இருமல். 'மாத்தி'ன்னு ஒரு பாதி வார்த்தை. கொர்ருன்னு ஒரு இரைச்சல். முழுசா, தெளிவா, ஒரு எழுத்துக்கூடக் குறையாமக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. 'ஹளே பேப்பர்.' அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா.

மாமாகிட்டயும் ஒரு நாள் எல்லாத்தையும் சொன்னேன். அவர் பீடியை அணைச்சுட்டுச் சொன்னார்: "சுவர் கட்டறதுக்கு முன்னாடி சாமானை எடுக்கணும்ல?" முப்பது வருஷத்துல அவர் என்கிட்டப் பேசின நீளமான பேச்சு அதுதான்.

ஒரு மணிப் போன் நிக்கல, ஆனா மாறிப்போச்சு. அக்கா பக்கத்துல உக்காந்திருப்பா, நான் பேசுவேன். "அக்கா கேக்கறா, சாப்பிட்டியான்னு." "அவ வாயால கேக்கச் சொல்லு"ன்னாங்க அம்மா முதல்ல. "தொண்டை இன்னும் ஆறலம்மா." "எப்ப ஆறும்?" நான் ஆய்த்தும்மா, சீக்கிரம்னேன். ஒரு வாரம் கழிச்சு அவங்க கேக்கறதை நிறுத்திட்டாங்க. போனைப் பிடிச்சுக்கிட்டு அங்க நடந்ததைச் சொல்லிக்கிட்டே போவாங்க, நடுவுல பதிலுக்கு இடம் விடமாட்டாங்க. முடிஞ்சதும் அக்கா மூணைத் தட்டுவா. அதுக்குன்னே அவ வர்ற மாதிரி ஆயிருச்சு. அடுத்த மழைக்காலம் வர்றதுக்குள்ள நோய் திரும்பி வந்து நுரையீரல்ல உக்காந்துச்சு. கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல அவ ஏதோ சொல்ல வாயசைச்சா. சீட்டும் பேனாவும் குடுத்தேன், பேனா விரல்ல நிக்கல. திரும்பவும் வாயசைச்சா. எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரித் தலையாட்டினேன். நான்தான் எதுக்கும் சரி சொல்றவனாச்சே.

கௌதள்ளிக்குக் கொண்டு போனோம். அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சாங்க. நெத்தி, கன்னம், உதடுன்னு தடவிக்கிட்டே வந்த கை கழுத்துக்கு வந்துச்சு. பூப்போட்ட துணியை விலக்கிட்டு, விரல் அந்த ஓட்டைமேல நின்னுருச்சு. சுத்தி எல்லாரும் அழுகையை நிறுத்திட்டாங்க. அம்மா ரொம்ப நேரம் விரலை எடுக்கல. "இதுவா"ன்னு மட்டும் கேட்டாங்க. யாரையும் கேக்கல, பொதுவாக் கேட்டாங்க.

பதினாறாம் நாள் முடிஞ்சு நான் கிளம்பறப்ப கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாங்க: "பழைய பேப்பர்காரன் தினமும் வருவான் சாமி. அவ மாத்திரை போட்டியான்னு கேக்கறப்ப மட்டும் வருவான். அதே எடத்துல, அதே இழுப்பு. நாலு நாள்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு." ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். "புள்ள அவ்வளவு பாடுபட்டுப் பேசறா, பதில் சொல்லாம இருக்க முடியுமா?"ன்னாங்க. எருமைக்கு அவ அப்படிச் சொன்னதையும் தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டாங்களாம். ஏதோ மெஷின்ல பேசறான்னு தெரிஞ்சுது, தொண்டையே இல்லைன்னு நினைக்கலைன்னாங்க. அப்புறம், "அந்த வியாழக்கிழமை என்னடா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. நான் செஞ்சதைச் சொன்னேன். சுவரு, வீடு, லிஸ்ட்டு. அம்மா எந்திரிச்சு, சுவரைத் தடவிக்கிட்டே உள்ள போயிட்டாங்க.

இப்ப ஒரு மணிக்கு அம்மா எனக்குத்தான் போன் பண்றாங்க. நான் சாப்பிட்டியான்னு கேக்கறேன், மாத்திரை போட்டியான்னு கேக்கறேன். ம்ம் ம்ம்னு கேட்டுட்டு, கடைசியில, "அதைப் போடு சாமி"ங்கறாங்க. நான் மூணைத் தட்டறேன். 'சரிம்மா, வெச்சிடறேன், அப்புறம் பேசறேன்.' "செரி கண்ணு, வெய்யி"ன்னு அவகிட்டச் சொல்லிட்டு வெச்சிடறாங்க. என்கிட்டச் சொல்றதில்ல.

நோட்டு டிராயர்ல இருக்கு. இருநூத்திப் பதினஞ்சுல இருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும் வெறும் நம்பர், எதிர்ல ஒண்ணுமில்ல. மூணாம் நம்பர் வரிக்குப் பக்கத்துல, அவ போட்ட சிவப்பு டிக்குக்குக் கீழ, அதோட காப்பி எங்கெங்க இருக்குன்னு நான் எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு பென்டிரைவ், ரெண்டு டிஸ்க், என் போன், தம்பி போன், வீட்டு அலமாரியில ஒரு மெமரி கார்டு. ஏழு இடம். மாசத்துக்கு ஒரு தடவை ஏழையும் காதுல வெச்சு முழுசாக் கேட்டுப் பாத்துடறேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏழுலயும் அவ போனை வெச்சிடறா.